குழாய் தாங்கும், வால்வு தாங்குமா? பாலாற்றுப் படுகையில் ஹைட்ரண்ட் அமைப்பும் பழுதுநீக்கமும்

கால்வாய்த் தண்ணீரைத் திறந்த வாய்க்காலில் விடாமல், மண்ணுக்கு அடியில் பதித்த அழுத்தக் குழாய் வழியாக வயல்வரை கொண்டுவரும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 9 அன்று ஒப்புதல் அளித்தது. பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் துணைத் திட்டமான இதற்கு, 2025-26ஆம் ஆண்டுக்குத் தொடக்க ஒதுக்கீடு ரூ.1,600 கோடி. 1 ஹெக்டேர் வரையிலான நிலத் தொகுதிக்குக் குழாய் நீர் சேர வேண்டும், அதன்பின் அங்கு சொட்டுநீர், தெளிப்புநீர் கருவிகளைப் பொருத்திக்கொள்ளலாம் என்பது இதன் நோக்கம். முதலில் மாதிரித் திட்டங்கள் சில இடங்களில் நடக்கும். அந்த அனுபவத்தைக் கொண்டு நாடு முழுவதற்குமான திட்டம் வகுக்கப்படும்.

அதே ஆண்டு ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டை உரிய காலத்தில் வழங்க வேண்டும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துச் சீரமைப்பைக் கண்காணிக்க வேண்டும் என்பன அதன் முக்கிய உத்தரவுகள். இந்த வழக்கின் வேர் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் இருக்கிறது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வேலூர் ஆராய்ச்சி மைய ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியிருந்தது.

ஒரு செய்தி குழாயைப் பற்றியது. மற்றொன்று மண்ணைப் பற்றியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை உழவர்களுக்கு இவை இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்த இடம், வயல் மூலையில் குழாயிலிருந்து தண்ணீர் வெளிவரும் வால்வு. நல்ல தண்ணீரை எவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்தாலும், அந்த வால்வு வேலை செய்யாவிட்டால் வயலுக்குப் போவது பக்கத்து ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர்தான்.

ஒரு பாய்ச்சலில் எத்தனை மூட்டை உப்பு?

பாலாற்றங்கரையில் பல குடும்பங்களுக்கு இரண்டு நீராதாரங்கள் உண்டு. ஒன்று, வயலிலேயே உள்ள உப்பேறிய ஆழ்துளைக் கிணறு. மற்றொன்று, ஏரிக்கு அருகிலோ மலையடிவாரத்திலோ உள்ள நல்ல நீர்க் கிணறு. பெரும்பாலும் அது பங்காளிகளுக்குப் பொதுவானது. முறை வைத்து இறைத்து, குழாய் பதித்துக் கொண்டுவருவார்கள். குழாய் வழி நின்றுவிட்டால், பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா இருப்பதில்லை. உப்பு நீர் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். "ஒரு தண்ணிதானே" என்பார்கள்.

அந்த ஒரு தண்ணீரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் செல்கிறது. நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் என்றால், ஒரு லிட்டரில் சுமார் 1.9 கிராம் உப்பு கரைந்திருக்கும். ஆக ஒரே பாய்ச்சலில் ஏக்கருக்குச் சுமார் 390 கிலோ உப்பு, அதாவது 50 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 8 மூட்டை. மின்கடத்தும் திறன் 0.5 உள்ள நல்ல நீர் என்றால் அதே பாய்ச்சலில் சேர்வது சுமார் 65 கிலோ மட்டுமே.

ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் வரையறைப்படி, 0.7க்குக் குறைவான நீரால் உவர்ப் பாதிப்பு இல்லை, 0.7 முதல் 3 வரை ஓரளவு கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த வேண்டும். 3க்கு மேல் கடுமையான கட்டுப்பாடு தேவை. தென்னையும் பருத்தியும் உப்பை ஓரளவு தாங்கும். நிலக்கடலை, கத்தரி, வாழை, மல்லிகை அந்த அளவுக்குத் தாங்காது. புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள் கத்தரிக்காய் போன்ற பயிரில் நீரின் தரம் குறைந்தால் விளைச்சலில் உடனே தெரியும்.

தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அடுத்த நல்ல மழை வேருக்குக் கீழே கழுவி இறக்கும் வரை அது அங்கேதான் இருக்கும். அதனால்தான் நம் பகுதியில் வால்வுப் பழுதை நீர்க் கசிவாக மட்டும் பார்க்கக் கூடாது. இரண்டு வாரம் கிடப்பில் போட்ட ஒரு பழுது, இரண்டு பருவத்து மண்ணைக் கெடுத்துவிடும்.

ஹைட்ரண்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

மண்ணுக்கடியில் செல்லும் முதன்மைக் குழாயிலிருந்து மேலே எழும்பி, வயலுக்கு நீர் கொடுக்கும் முனையைப் பொறியாளர்கள் ஹைட்ரண்ட் என்கிறார்கள். நம் ஊரில் இதைப் பொதுவாக வால்வு என்றோ அவுட்லெட் என்றோ சொல்கிறோம். தனி உழவரின் நிலத்தில் அது ஒரு நிற்கும் குழாயும் ஒரு வால்வும் மட்டுமே. பலர் பகிர்ந்துகொள்ளும் குழாய்ப் பாசனத்தில் அது போதாது.

தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் 1960களிலிருந்து வளர்ந்த அழுத்தக் குழாய்ப் பாசனத்தில் ஹைட்ரண்ட் என்பது நான்கு வேலைகளைச் செய்யும் ஒரே தொகுதி: நீரை மூடித் திறப்பது, அழுத்தத்தை ஒரே அளவில் வைப்பது, ஒருவர் எடுக்கக்கூடிய நீரின் வேகத்துக்கு வரம்பு கட்டுவது, எடுத்த நீரை அளப்பது. இந்த நான்கில் அழுத்தமும் வரம்பும் கட்டுப்படாவிட்டால் தலைமடைக்காரர் விருப்பம்போல் எடுத்துக்கொள்வார். கடைமடைக்குக் காற்றுதான் வரும். வாய்க்காலில் நடந்த அதே கதை குழாயிலும் நடக்கும்.

நம் நிலத்துக்குக் குழாய் பதிக்கும்போது கீழ்க்கண்டவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

1. மோட்டாரை அடுத்து ஒருவழி வால்வு. மோட்டார் நின்றதும் நீர் திரும்பி ஓடாமல் இது தடுக்கும். உரக்கரைசல் செலுத்தும் இடத்தில் இது கட்டாயம். இல்லையென்றால் மின்சாரம் நின்ற நொடியில் உரநீர் கிணற்றுக்குள் இழுக்கப்படும். அந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகளும் இருக்கலாம்.

2. மேடான இடங்களில் காற்று வால்வு. குழாய் நிரம்பும்போது காற்றை வெளியேற்றும். காலியாகும்போது காற்றை உள்ளே விடும். இது இல்லாத குழாய் வழியில் மேட்டில் காற்று அடைத்து நீர் பாதியாகும்.

3. தாழ்வான இடத்திலும் கடைசி முனையிலும் கழிவு வால்வு. வண்டலை வெளியேற்ற இது ஒன்றே வழி.

4. ஒவ்வொரு ஹைட்ரண்டுக்கும் முன்னால் தனியாக ஒரு அடைப்பு வால்வு. ஒரு முனையைப் பழுதுபார்க்க முழு வழியையும் நிறுத்த வேண்டியதில்லை.

5. நிற்கும் குழாயின் அடியில் கான்கிரீட் கட்டை. வால்வின் எடையும் திருகும் விசையும் பி.வி.சி. இணைப்பின் மீது விழக் கூடாது. நம் வயல்களில் மூட்டில் விரிசல் விடுவதற்கு இதுவே முதல் காரணம்.

6. வால்வைச் சுற்றி மூடியுள்ள பெட்டி அல்லது உறை வளையம், அடியில் ஒரு சாண் ஜல்லி. தண்ணீர் தேங்கி நின்றால் நட்டு, போல்ட் முதலில் போகும்.

மலையடிவாரத்தில் மணல், ஆற்றோரத்தில் உப்பு

ஒரே கடையில் வாங்கிய ஒரே வால்வு அமிர்திப் பக்கம் ஒரு விதமாகவும் ஆம்பூர்ப் பக்கம் வேறு விதமாகவும் கெட்டுப்போகும். காரணம், இரண்டு இடத்துத் தண்ணீரும் வேறு.

கணியம்பாடியிலிருந்து அமிர்தி நோக்கிச் செல்லும் ஜவ்வாது மலையடிவாரக் கிராமங்களில் நீர் பொதுவாக நல்ல நீர். ஆனால் மழைக்காலத்தில் ஓடைகள் மணலையும் வண்டலையும் கொண்டுவருகின்றன. திறந்த கிணறுகளில் பாசியும் படிகிறது. இங்கு வால்வின் எதிரி மணல். மூடும் தகடு அமரும் இடத்தில் ஒரு மணல் துகள் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. அந்த மெல்லிய இடைவெளியில் மணலோடு பாயும் நீர், தகட்டை அரம்போல் அராவிவிடும். பிறகு என்ன திருகினாலும் கசியும். இங்கே வால்வுக்குச் செலவிடுவதற்கு முன் வடிகட்டிக்குச் செலவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று மணலுக்கு ஹைட்ரோசைக்ளோன் எனும் மணல் பிரிப்பான். திறந்த கிணற்றுப் பாசிக்கு மணல் வடிகட்டி. இரண்டுக்கும் பின்னால் சல்லடை அல்லது வட்டு வடிகட்டி. காட்டோரத்தில் காட்டுப்பன்றி கிளறும் இடங்களில் குழாயை ஆழமாகப் பதித்து, முனையைக் கல் கட்டுக்குள் வைப்பது நல்லது.

ஆற்றோரத்தில் எதிரி உப்பு. பச்சைத் தோலைப் பதப்படுத்தச் சேர்த்த சாதாரண உப்பு, கழிவில் குளோரைடாக நிலத்தடிக்குப் போயிருக்கிறது. பதனிடும் வேதிப்பொருள்களிலிருந்து சல்பேட்டும் சேர்ந்திருக்கிறது. நல்ல நீர்க் குழாய் பதித்தவர்களும் கோடையில் இதே குழாயில் உப்பு நீரைக் கலந்து விடுவதுண்டு. எனவே வால்வு இரண்டு நீரையும் தாங்க வேண்டும். வாங்கும்போது பொருளைக் கேட்டு வாங்குங்கள்.

பித்தளை: குளோரைடு மிகுந்த நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்லக் கரைந்துபோகும். மிச்சமிருப்பது செம்பு நிறத்தில், துளைகள் நிறைந்து, திருகினால் உடையும் பொருள். பார்க்க முழுதாக இருக்கும். கையில் எடுத்தால்தான் தெரியும். துத்தநாகம் குறைவாகவும் வெள்ளீயம் கலந்ததாகவும் உள்ள கன்மெட்டல் இதைவிட நன்றாகத் தாங்கும்.

வார்ப்பிரும்பு: உள்ளும் புறமும் எபாக்சி பூச்சு உள்ளதையே வாங்க வேண்டும். பூச்சில் கீறல் இருந்தால் துரு அங்கிருந்து தொடங்கும்.

துருப்பிடிக்காத எஃகு: 304 வகை குளோரைடில் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். மாலிப்டினம் கலந்த 316 வகை மேல். வால்வின் தண்டுக்கும் போல்ட்டுக்குமாவது இதைக் கேளுங்கள்.

பிளாஸ்டிக்: உப்பு இதை ஒன்றும் செய்யாது, பழைய இரும்புக்காரருக்கு விற்க முடியாததால் திருட்டும் குறைவு. ஆனால் வெயிலில் வைத்த பி.வி.சி. சில கோடைகளில் நொறுங்கும். பெட்டிக்குள் வைத்தால் பல ஆண்டு வரும். 2 அங்குலம், 3 அங்குல வயல் வால்வுகளுக்கு ஆற்றோரத்தில் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ரப்பர் வளையம்: தண்ணீருக்கு ஏற்றது ஈ.பி.டி.எம். ரப்பர். இதற்கு வண்டிக் கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவக் கூடாது. ரப்பர் உப்பி, தளர்ந்து, அடுத்த முறை திறக்கும்போது பிய்ந்துவரும். சிலிகான் கிரீஸ் மட்டுமே தடவ வேண்டும். கிரீஸ் போட்டால் நல்லது என்று நினைத்துச் செய்யும் இந்தப் பராமரிப்பே வளையத்தைக் கெடுப்பதைப் பல கிராமங்களில் பார்க்கிறேன்.

குழாய் வெடிப்பதற்கு வால்வும் காரணம்

"குழாய் தரமில்லை, வெடித்துவிட்டது" என்று வரும் புகார்களில் ஒரு பகுதி உண்மையில் வால்வைக் கையாண்ட விதத்தால் வருவது. ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அதன் வேகம் அழுத்தமாக மாறிக் குழாய்ச் சுவரை அடிக்கும். இதை நீரடி என்கிறோம்.

பி.வி.சி. குழாயில் இந்த அழுத்த அலை விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் செல்லும். நீர் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடும்போது பால் வால்வைக் கால் திருப்பில் மூடினால், ஏற்கெனவே உள்ள அழுத்தத்துக்கு மேல் சதுர செ.மீ.க்கு 5 கிலோவுக்குச் சற்று அதிகமாக அழுத்தம் கூடும். குழாயில் முன்பே 2.5 கிலோ இருந்தால் மொத்தம் ஏறத்தாழ 8 கிலோ. நாம் பதித்திருப்பது 4 கிலோ அல்லது 6 கிலோ குழாய். ஒருநாள் தாங்கும், தினமும் தாங்காது.

இதற்குத் தீர்வு செலவில்லாதது. 700 மீட்டர் நீளக் குழாயில் அலை போய்த் திரும்ப 4 விநாடி ஆகும். அதைவிடப் பல மடங்கு நேரம் எடுத்து, குறைந்தது அரை நிமிடமாவது மெதுவாக மூட வேண்டும். கேட் வால்வில் கடைசிச் சில சுற்றுகளில்தான் நீர் உண்மையில் தடைபடுகிறது. அவற்றை இன்னும் மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு முனையை மூடும் முன் அடுத்த முனையைத் திறந்துவிட வேண்டும். முதன்மைக் குழாயில் பால் வால்வைத் தவிர்த்து கேட் வால்வு போடுவது நல்லது.

இன்னொன்று ஆட்டோ ஸ்டார்ட்டர். இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். மாலையில் எல்லா முனைகளையும் மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் நீருக்குப் போக்கிடம் இல்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ளவர்கள் ஒரு முனையைத் திறந்தே வைக்க வேண்டும். அல்லது மோட்டார் அருகில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு பொருத்தி, அதன் நீர் கிணற்றுக்கே திரும்பும்படி செய்ய வேண்டும்.

பழுது: அடையாளமும் தீர்வும்

தண்டின் ஓரத்தில் கசிவு: கைப்பிடிக்குக் கீழுள்ள கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். நிற்காவிட்டால் உள்ளே உள்ள திரியை மாற்ற வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு திரும்பாது.

மூடிய பிறகும் நீர் வருகிறது: தகட்டில் மணல் இருக்கலாம். முழுதாகத் திறந்து வேகமாக நீரை ஓடவிட்டு, பாதி மூடி, மீண்டும் திறந்து கழுவுங்கள். இரண்டு மூன்று முறையில் சரியாகாவிட்டால் கழற்றிப் பாருங்கள். குழாய்த் துண்டை மாட்டி நெம்பித் திருகினால் தண்டு வளையும், பழுது இரட்டிப்பாகும்.

கைப்பிடி சும்மா சுற்றுகிறது: தண்டின் மரை தேய்ந்துவிட்டது அல்லது தகடு தண்டிலிருந்து விடுபட்டுவிட்டது. தண்டும் நட்டும் தனியாகக் கிடைத்தால் மாற்றலாம். இல்லாவிட்டால் வால்வையே மாற்றுவது சிக்கனம்.

காற்று வால்வில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது: மிதவை அமரும் இடத்தில் குப்பை, அல்லது மிதவை கோணியிருக்கிறது. கழற்றிக் கழுவி மாட்டுங்கள். சொட்டுகிறதென்று கட்டை வைத்து அடைத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாக்கிக் குழாயை நசுக்கும், மூட்டுகளில் அழுக்கை உள்ளிழுக்கும்.

மோட்டார் நிற்கும்போது 'டமார்' என்ற சத்தம்: ஒருவழி வால்வின் மடல் தாமதமாக மூடுகிறது. மடலின் கீலையும் ரப்பரையும் பாருங்கள். ஸ்பிரிங் வைத்த வகை இந்த அடியைக் குறைக்கும்.

தானியங்கி டயாபிரம் வால்வு மூடவில்லை: முதலில் சிறு கட்டுப்பாட்டுக் குழாயின் சல்லடையைக் கழுவுங்கள். பெரும்பாலும் அடைப்பு அங்கேதான். அதன் பின்னும் மூடாவிட்டால் ரப்பர் டயாபிரம் கிழிந்திருக்கும். மூடியின் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி மாட்ட வேண்டும். ஒரு பக்கமாக இறுக்கினால் புதிய டயாபிரமும் கிழியும்.

சொட்டுநீர்க் குழாய்களுக்கு அமில நீர் செலுத்துபவர்கள் கவனிக்க: அமிலம் உலோக வால்வுகளைக் கடந்து செல்லாதபடி, அவற்றுக்குப் பின்னால் செலுத்துங்கள். முடிந்ததும் நல்ல நீர் விட்டு முழுதாகக் கழுவுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

சின்னக் கசிவுதானே என்று விடுவோருக்கு ஒரு கணக்கு. 2 கிலோ அழுத்தத்தில் 3 மி.மீ. துளை வழியாக மணிக்குச் சுமார் 300 லிட்டர் வீணாகும். மணிக்கு 4 லிட்டர் சொட்டும் 75 சொட்டுவான்களின் நீர் அது.

யார் சரிசெய்வது?

புதிய திட்டத்தின் வெற்றி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பாசன மேலாண்மையை நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களிடம் ஒப்படைப்பது, அந்தச் சங்கங்களை 5 ஆண்டுகளுக்கு உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அல்லது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுடன் இணைத்துக் கைகொடுப்பது என்று அறிவிப்பு சொல்கிறது. நீரைக் கணக்கிடக் கணினிவழிக் கட்டுப்பாடும் உணர்கருவிகளும் வரும் என்கிறது. திசை சரியானது. தமிழகத்தில் இதற்கான சட்ட அடித்தளம் 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன முறை மேலாண்மைச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் கருவியைக் கொடுத்துவிட்டால் பயன்பாடு தானாக நிலைத்துவிடாது. கர்நாடகாவின் பாகல்கோட் மாவட்டத்தில் சுமார் 24,000 ஹெக்டேருக்குத் திட்டமிடப்பட்ட ராம்தல் சமுதாயச் சொட்டுநீர்ப் பாசனத் திட்டம், ஆற்று நீரைக் குழாய் வழியாக வயல்வரை கொண்டுசென்று சொட்டுநீர்க் கருவியையும் அமைத்துக் கொடுத்தது. இவ்வளவு பெரிய அமைப்பில் ஒரு முனை பழுதானால் அதை நம்பியிருக்கும் பல உழவர்கள் ஒரே நேரத்தில் நிற்பார்கள். முறை, பராமரிப்பு, பொறுப்பு ஆகிய மூன்றும் குழாய்க்கு முன்பே ஊரில் பேசி முடிக்கப்பட வேண்டியவை.

இது நமக்குப் புதிதல்ல. பல்லவர் காலம் தொட்டு நம் ஏரிகளில் இருந்த குமிழித் தூம்பும் ஒரு வால்வுதான். ஏரிக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே, துளையை அடைத்திருக்கும் குமிழியைத் தூக்கினால் நீரும் வண்டலும் வெளியேறும். அதை இயக்க மடையன் என்று ஓர் ஆள் இருந்தார். நீர் பங்கிட நீர்க்கட்டி இருந்தார். அவர்களுக்கு அறுவடையில் பங்கு இருந்தது. கேட்க ஊர் இருந்தது. கல்லால் செய்த கருவி நூற்றாண்டுகள் நின்றதற்குக் கல் மட்டும் காரணமில்லை.

இன்றைய திட்டங்களில் குழாய்க்கும் அமைப்பதற்கும் தொகை எளிதாக ஒதுக்கப்படுகிறது. உதிரிப் பாகத்துக்கும் அதை மாற்றும் ஆளுக்கும் ஒதுக்குவது அரிது. தனி உழவர் அளவிலும் இதே நிலைதான். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியத்தில் நுண்ணீர்ப் பாசனம் கிடைக்கிறது. மூன்றாம் ஆண்டில் கிழியும் ரப்பர் டயாபிரத்துக்கு உழவர் தானே கடைகடையாக அலைகிறார். நிறுவனத்துக்கு நிறுவனம் வால்வின் அளவும் மரையும் வேறாக இருப்பதால், ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்துவதுமில்லை.

எனவே புதிய திட்டம் நம் பக்கம் வரும்போது உழவர்கள் கிராம சபையிலும் குறைதீர் கூட்டத்திலும் நான்கைக் கேட்க வேண்டும். முதலாவது, பதிக்கும் முன் நீரின் மின்கடத்தும் திறனையும் குளோரைடையும் சோதித்து, அதற்கேற்ற பொருளில் வால்வைக் குறிப்பிட வேண்டும். இரண்டாவது, ஒரு வட்டாரத்தில் ஒரே அளவு, ஒரே மரை உள்ள வால்வுகள். இந்தியத் தர நிர்ணய முத்திரையுடன். மூன்றாவது, உதிரிப் பாகங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கடையிலோ இருப்பில் இருக்க வேண்டும். நான்காவது, ஊருக்கு ஒருவருக்காவது வால்வுப் பழுதுநீக்கப் பயிற்சியும் அதற்கான கூலியும். உள்ளூர் ஐ.டி.ஐ. படித்த இளைஞர்கள் இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

பாலாற்றுச் சீரமைப்புக்கான உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வழியே நிதி வரும்போதும் இதே கோணம் தேவை. கெட்ட நிலத்துக்கு இழப்பீடு அவசியம். அந்த நிலம் மேலும் கெடாமலிருக்க நல்ல நீர் தடையின்றிச் செல்வதும் சீரமைப்பின் ஒரு பகுதியே.

கோடைக்கு முன் செய்ய வேண்டியவை

1. கிணறு, ஆழ்துளைக் கிணறு இரண்டின் நீரையும் தனித்தனியே பரிசோதியுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தையோ விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். முடிவை மோட்டார் அறையில் எழுதி ஒட்டுங்கள்.

2. எல்லா வால்வுகளையும் மாதம் ஒருமுறையாவது முழுதாகத் திறந்து மூடுங்கள். பயன்படுத்தாத வால்வுதான் முதலில் இறுகும். முழுதாகத் திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பி வையுங்கள்.

3. கடைசி முனையையும் கழிவு வால்வையும் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை.

4. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி வையுங்கள். வேறுபாடு சதுர செ.மீ.க்கு 0.5 கிலோவைத் தாண்டினால் கழுவுங்கள்.

5. ஒரு டப்பாவில் உதிரிப் பாகங்கள்: உங்கள் அளவு ரப்பர் வளையங்கள் நான்கு, கிளாண்ட் திரி, ஒரு டயாபிரம், காற்று வால்வு மிதவை, 316 எஃகு போல்ட்டுகள், சிலிகான் கிரீஸ், டெஃப்ளான் டேப்.

6. குழாய் வழியின் வரைபடம் ஒன்று: எங்கே மூட்டு, எங்கே வால்வு, எத்தனை அடி ஆழம். குழாய் பதித்த மேஸ்திரி ஊரில் இல்லாத நாளில்தான் அது தேவைப்படும்.

7. பங்குக் கிணறானால், முறையோடு பழுதுச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். யார் முறையில் உடைந்தது என்ற வாக்குவாதத்தில் நாள்கள் போவதைவிட, பங்குப்படி மாதம் ஒரு சிறு தொகை சேர்த்து வைப்பது மேல்.

8. எவ்வளவு அவசரமானாலும் உப்பு நீரை நேரடியாக விடாதீர்கள். நல்ல நீர் ஓரளவாவது கிடைத்தால் தொட்டியில் கலந்து, மின்கடத்தும் திறனைப் பார்த்து, உப்பைத் தாங்கும் பயிருக்கு மட்டும் கொடுங்கள். முளைப்புப் பருவத்தில் வேண்டவே வேண்டாம்.

புதிதாகக் குழாய் பதிக்க எண்ணுபவர்கள் வட்டார வேளாண் பொறியியல் துறை, தோட்டக்கலைத் துறை அலுவலகங்களில் மானிய விவரம் கேட்கும்போது, விற்பனைக்குப் பிந்தைய சேவை எத்தனை ஆண்டு, உதிரிப் பாகம் எந்தக் கடையில் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலைப்பட்டியலில் வால்வுக்கான வரியில் பொருளின் பெயர் இல்லையென்றால், அதை எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.